வயலின் மதிப்பும் வீட்டின் மதிப்பும்

கண்டியிலிருந்து வத்தேகமைக்குச் செல்லும் பாதையில் மடவளைக் கடைத்தெருவைக் கடப்போர், இருமருங்கும் நெருங்கி நிற்கும் கடைகளையும், அவற்றின் பின்னே மேட்டிலும் பள்ளத்திலும் எழுந்துள்ள வீடுகளையும் காண்பர். இவ்வீடுகளைப் போன்றவற்றின் மேல் உள்ளூராட்சிச் சபைகள் விதிக்கும் வரி சட்டநூலில் மதிப்பீட்டு வரி எனப்படும், பொதுவழக்கில் சோலைவரி. வரியின் வீதத்தைப் பற்றி வாதாடுவோர் பலர். அவ்வீதம் எத்தொகையின் மேல் கணக்கிடப்படுகிறது, அத்தொகையைக் குறித்தவர் யார் என்று கேட்போர் சிலரே. வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வி இரண்டாவதே.

மதிப்பீடு என்னும் சொல்லை மலைநாட்டுக் குடியானவன் முதலிற் கேட்டது வீட்டு வாசலிலன்று, வயல் வரம்பில். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர், அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் வெளியிட்ட பிரகடனத்தால் நெல் விளைவிற் பத்திலொன்றை வரியாக்கினர். தமக்கு விசுவாசம் காட்டிய பகுதிகளுக்குப் பதினான்கில் ஒன்று எனச் சலுகை தந்தனர். மண்ணின் வளத்தைவிட ஆள்வோரின் மனநிறைவே வரியை நிறுத்த துலாக்கோல் ஆயிற்று. 1848இல் தொரிங்டன் தேசாதிபதி துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார்; வீதியமைக்க ஆண்டில் ஆறுநாள் உழைப்பு, அன்றேல் அதற்கீடான பணம் கேட்டார். உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே தொகை. மாத்தளையில் மூண்ட கலகமும், புரன் அப்பு கண்டியில் அதே ஆண்டு ஆகஸ்டு 8இற் சுடப்பட்டதும் யாவரும் அறிந்தவை.

யாவரும் அறியாதது அதற்குப் பின் வந்த கதை. நெல்வரியை வசூலிக்கும் உரிமை நெடுங்காலம் ஏலத்தில் விடப்பட்டு வந்தது. குத்தகைக்காரன் வந்து பார்க்கும்வரை உழவன் முற்றிய கதிரை அரிவாளால் தொட இயலாது. அவன் தாமதித்தால் மழையும் பறவையும் தமது பங்கை எடுத்துக்கொள்ளும். இக்கொடுமையை ஒழிப்பதாகவே 1878ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. குத்தகைக்காரன் போனான், அவனிடத்தில் ஏடு வந்தது. வயலின் சராசரி விளைவை மதிப்பிட்டு, அதற்குப் பணவிலை குறித்து, அத்தொகையைப் பல ஆண்டுகளுக்கு மாறாது நிறுத்தினர். காகிதத்தில் இது சீர்திருத்தமே. ஆனால் சராசரி என்பது ஏட்டில் மட்டுமே விளையும் பயிர். மழை பொய்த்த ஆண்டிலும் ஏட்டின்படி நெல் விளைந்தது, வரியும் விளைந்தது.

நெல்லாகக் கொடுத்தவன் இப்போது காசாகக் கொடுக்கவேண்டும். அக்காசு பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்துக் கோப்பியிலிருந்தே கிடைத்து வந்தது. 1869இல் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் 1880களிற் கோப்பியை அழித்தொழித்தபோது காசுக்கு வழியில்லாது போயிற்று. வரி செலுத்தாதவன் வயல் ஏலத்துக்கு வந்தது. வலப்பனையிலும் உடஹேவாஹெட்டையிலும் வயல்கள் அற்பத் தொகைக்கு விற்கப்பட்டன. நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர், நிலமிழந்த மக்கள் பசியால் மடிந்ததை வெளிப்படுத்தினார். மேலிடம் அவரை நம்ப விரும்பவில்லை. வணிகரான ஜோர்ஜ் வோல் இவ்வரிக்கெதிராக எழுதினார். தேசாதிபதி ஹவ்லொக்கின் காலத்தில், 1892இல், நெல்வரி ஒழிக்கப்பட்டது. விற்கப்பட்ட வயல்கள் திரும்பிவரவில்லை. இவ்வளவு காலமும் தோட்டத்துரையின் கோப்பி நிலத்துக்கு நிலவரி என ஒன்று இருக்கவேயில்லை என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளல் வேண்டும்.

வீட்டு வரியின் வரலாறு இதற்கு இணையாக ஓடியது. 1865இன் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொழும்பும் கண்டியும் மாநகர சபைகளைப் பெற்றன. வீட்டின் ‘ஆண்டுப் பெறுமதி’ வரியின் அடிப்படையாயிற்று. இக்கருத்து நம் மண்ணிற் பிறந்ததன்று. 1836இல் இங்கிலாந்தின் சட்டமொன்று, வீட்டை ஆண்டு வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையே வரிக்குரிய பெறுமதியாக வரையறுத்தது. அதே கற்பனை வாடகைக்காரன்தான் 1947ஆம் ஆண்டு மாநகர சபைக் கட்டளைச் சட்டத்திலும் குடியிருக்கிறான். வாழ்நாள் முழுதும் தன் வீட்டிலேயே வாழ்ந்து, ஒருசதமும் வாடகை காணாத ஆசிரியனும் விதவையும், இந்த இல்லாத மனிதன் தரும் இல்லாத வாடகைக்கு வரி கட்டவேண்டும். அக்கற்பனை முழுதும் நியாயமற்றதென நான் சொல்லமாட்டேன்; வீட்டுக்கு வீடு ஒப்பிட ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டும். ஆனால் வாடகைக்கு வீடு விடப்படுவதே அரிதான ஊரில், ஒப்பிட எதுவுமின்றி மதிப்பீட்டாளர் குறிக்கும் எண் ஊகமாகவே முடியும். ஆட்சேபம் எழுதலாம், சபையின் முடிவு ஒவ்வாவிடின் நீதிமன்றம் செல்லலாம். ஆயினும் அயல் வீடுகளின் பெறுமதி தெரியாதவன் எதைக்காட்டி வாதாடுவான்? மறுமதிப்பீடு ஆண்டுக்கணக்கிற் பின்தள்ளப்படும்போது மற்றோர் அநீதி பிறக்கிறது: பழைய மாளிகை பழைய பெறுமதியிலும், நேற்றுக் கடன்பட்டுக் கட்டிய சிறுவீடு புதிய பெறுமதியிலும் வரி செலுத்தும்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் இன்னொரு வேறுபாட்டையும் தாங்கி நிற்கிறது. கட்டடங்கள் செறிந்த பகுதிக்கு ஆண்டுப் பெறுமதியின்மேல் வரி; பயிர்ச்செய்கை நிலத்துக்கு ஏக்கர் வரி. கடைத்தெரு வீட்டின் பெறுமதி துருவிப் பார்க்கப்படுகிறது. தோட்டத்தின் பரப்பு மட்டுமே எண்ணப்படுகிறது. 1892க்கு முந்திய பழைய முகமொன்று இங்கே எட்டிப்பார்ப்பதாக வாசகர் நினைத்தால் அதில் வியப்பில்லை.

பிறநாட்டார் இச்சிக்கலை எவ்வாறு அவிழ்க்க முயன்றனர்? பீகாரின் பாட்னா நகரம் 1993இல் அதிகாரியின் விருப்புக்கு இடங்கொடாத விதியொன்றை வகுத்தது: வீதியின் தரம், கட்டடத்தின் வகை, பயன்பாடு ஆகிய மூன்றோடு பரப்பைப் பெருக்கினால் பெறுமதி. எவரும் தம் வீட்டிலிருந்தே கணக்கிடலாம். வரிவீதம் 43.75 விழுக்காட்டிலிருந்து 9 ஆகக் குறைந்தது. இந்திய உச்சநீதிமன்றமும் 1995இல் அவ்விதியை ஏற்றது. தமிழ்நாடு 2022இல் வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்குப் பெரும்பாலான நகரங்களில் 25 விழுக்காடும், 1800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடும் கூட்டியது. சிறுவீட்டுக்காரனுக்கும் அது சுமையே. ஆயினும் எவன்மேல் எவ்வளவு என்பது வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது.

இலங்கை அரசு 2024இற் பன்னாட்டு நாணய நிதியத்துக்கு அளித்த வாக்குறுதிகளில், வீடுகளின் ஊகவாடகைமேல் வருமானவரி விதிப்பதும் ஒன்று. குறித்தபடி 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வரவில்லை. அந்த 1836ஆம் ஆண்டு வாடகைக்காரன், சபை அலுவலகத்திலிருந்து திறைசேரிக்குக் குடிபெயரப் பார்க்கிறான். அவன் தரும் வாடகையைக் குறிக்கும் ஏட்டை மடவளைக் கடைக்காரர் திறந்து பார்க்க முடியுமா என்பதை எவரும் இன்னும் சொல்லவில்லை.