எண்ணெய்த் தாங்கி வண்டியின் தோற்றமும் ஏகபோகத்தின் வளர்ச்சியும்

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் தனிமனித மேதைமையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவியை ஆக்கியவர் யார், ஆக்கிய ஆண்டு எது என்பனவற்றோடு அத்தகைய வரலாறு நிறைவுபெற்றுவிடுகிறது. அக்கருவி யாருடைய உழைப்பை வேண்டாததாக்கியது, யாருடைய உடைமையாயிற்று ஆகிய வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. புகையிரதப் பாதைகளில் ஓடிய தொடக்ககால எண்ணெய்த் தாங்கி வண்டியின் வரலாற்றை இவ்வினாக்களை முன்னிறுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1859 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டைற்றஸ்வில்லில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில், ஏறத்தாழ 69 அடி ஆழத்தில் எண்ணெய் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஒயில் கிறீக் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் கிணறுகள் பெருகின. உற்பத்தி பெருகிய வேகத்துக்குப் போக்குவரத்து ஈடுகொடுக்கவில்லை. எண்ணெய் மரப் பீப்பாய்களில் நிரப்பப்பட்டுக் குதிரை வண்டிகளிற் சேற்றுப் பாதைகளினூடாகப் புகையிரத நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பீப்பாய்கள் கசிந்தன, அவற்றின் விலையும் வண்டிக் கூலியும் எண்ணெயின் விலையோடு போட்டியிட்டன. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி பழைய போக்குவரத்து முறையோடு முரண்பட்டு நின்ற கட்டம் இது.

இம்முரண்பாட்டுக்கு 1865ஆம் ஆண்டில் இரு தீர்வுகள் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே இடத்தைச் சார்ந்து தோன்றின. சாமுவேல் வான் சைக்கல் என்பவர் பிற்ஹோல் எண்ணெய் வயலிலிருந்து மில்லர் பாம் புகையிரத நிலையம்வரை ஏறத்தாழ ஐந்து மைல் நீளமான குழாய்ப் பாதையை அமைத்தார். ஏமஸ் டென்ஸ்மோர், ஜேம்ஸ் டென்ஸ்மோர் ஆகிய சகோதரர் அதே மில்லர் பாமில், தட்டையான சரக்கு வண்டியொன்றின்மேல் இரு பெரிய மரத் தொட்டிகளை நிறுத்தினர். ஒவ்வொரு தொட்டியும் 40 முதல் 45 பீப்பாய் எண்ணெயைக் கொண்டது. செப்டெம்பரில் அவ்வண்டி நியூயோர்க்குக்கு வெற்றிகரமாக அனுப்பப்பட்டது. 1866 ஏப்ரலில் அதற்கான காப்புரிமை கிடைத்தது. அவ்வாண்டிலேயே நூற்றுக்கணக்கான தாங்கி வண்டிகள் பயன்பாட்டுக்கு வந்தன.

மரத் தொட்டிகளின் குறைபாடுகள் விரைவிலேயே புலனாகின. உயர்ந்து நின்ற தொட்டிகள் வண்டியின் சமநிலையைக் குலைத்தன; கசிவும் தீ விபத்தும் ஓயாத அச்சமாயின. ஒரு சில ஆண்டுகளுக்குள் படுக்கைவாட்டில் அமைந்த, தறையப்பட்ட இரும்பு உருளைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. வெப்பத்தால் எண்ணெய் விரிவடைவதற்கு இடமளிக்கும் குவிமாடம் உருளையின்மேல் சேர்க்கப்பட்டது. பிற்காலத் தாங்கி வண்டிகளின் அடிப்படை வடிவம் இவ்வாறே உருவாயிற்று.

இவ்வளர்ச்சியின் மறுபக்கம் ஈண்டு நோக்கத்தக்கது. வான் சைக்கலின் குழாய்களைக் குதிரை வண்டிக்காரர் உடைத்தெறிந்தனர்; ஆயுதந்தாங்கிய காவலர் நிறுத்தப்பட்டனர். ருசியப் பேரரசின் பாக்கு நகரிலும் 1870களின் பிற்பகுதியில் இதே நிகழ்ந்தது. அங்கு நோபல் சகோதரர் குழாய் அமைத்தபோது, பீப்பாய்களை ஏற்றிச் சென்ற வண்டிக்காரர் அதனைத் தாக்கினர். காவற் கோபுரங்கள் எழுப்பப்பட்டன. மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இரு மக்கட் கூட்டத்தினர், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே செயலில் இறங்கினர். இதனை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆயின், புதிய பொறி தம்மிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதை அவர்கள் தெளிவாகவே அறிந்திருந்தனர். அப்பொறி எவருடையதாக இருத்தல் வேண்டும் என்று கேட்பதற்கான அமைப்புப் பலமே அவர்களிடம் இருக்கவில்லை.

அந்த வினாவுக்கு மூலதனமே விடையளித்தது. 1870இல் நிறுவப்பட்ட ஸ்ராண்டர்ட் ஒயில் கொம்பனியின் தலைவரான ரொக்பெல்லர், எண்ணெயைத் தோண்டுவதைவிட அதன் பாதையைக் கட்டுப்படுத்துவதே இலாபகரமானது என்பதை உணர்ந்திருந்தார். 1872இல் சவுத் இம்புறூவ்மென்ற் கொம்பனி என்னும் பெயரில் மூன்று பெரும் புகையிரதக் கொம்பனிகளோடு இரகசிய ஏற்பாடு செய்யப்பட்டது. அதன்படி உறுப்பினருக்குக் கட்டணக் கழிவு உண்டு. போட்டியாளர் செலுத்தும் கட்டணத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. எண்ணெய் உற்பத்தியாளரின் எதிர்ப்பினால் அத்திட்டம் சில வாரங்களிற் சரிந்தது. எனினும், அதற்குள் கிளீவ்லாந்தின் 26 சுத்திகரிப்பு நிலையங்களில் 22 ரொக்பெல்லர் வசமாகிவிட்டன.

1873இல் யூனியன் ராங்க் லைன் என்னும் தாங்கி வண்டி நிறுவனமும் ஸ்ராண்டர்ட்டின் கைக்கு வந்தது. இதன்பின் வண்டியே ஆயுதமாயிற்று. ஸ்ராண்டர்ட்டின் தாங்கி வண்டிகள் ஓடிய தூரத்துக்குப் புகையிரதக் கொம்பனிகள் பணம் செலுத்தின. தாங்கி வண்டியில் எண்ணெயின் நிறைக்கு மட்டுமே கட்டணம். பீப்பாயில் அனுப்பிய சிறு முதலாளியோ மரத்தின் நிறைக்கும் சேர்த்துச் செலுத்தவேண்டியிருந்தது. ஒகையோ மாநிலத்து மரியெற்றாவைச் சேர்ந்த ஜோர்ஜ் றைஸ் போன்ற சிறு சுத்திகரிப்பாளர் 1880களில் இதனை எதிர்த்து முறையிட்டுப் போராடினர். இவ்வேகபோகத்தின் வரலாற்றை 1904இல் நூலாக வெளியிட்ட ஐடா ராபெல், எண்ணெய் சேமிக்கும் மரத் தாங்கிகளைச் செய்து, இரும்புத் தாங்கிகளின் வருகையால் அத்தொழிலை இழந்த ஒருவரின் மகள் என்பது கருதத்தக்கது. 1911இல் உயர் நீதிமன்றம் ஸ்ராண்டர்ட்டை 34 கொம்பனிகளாகப் பிரித்தது. யூனியன் ராங்க் லைனும் தனியாயிற்று. ஆயினும் அதன் வண்டிகள் பழைய கொம்பனிகளின் எண்ணெயையே தொடர்ந்து சுமந்தன.

1883இல் பாக்குவையும் கருங்கடற் கரையிலுள்ள பாற்றூமையும் இணைத்த புகையிரதப் பாதை இக்கதையை ஆசியாவுடன் இணைத்தது. தாங்கி வண்டிகளிற் பாற்றூமை அடைந்த மண்ணெண்ணெய், அங்குள்ள ஆலைகளில் தகரங்களில் அடைக்கப்பட்டுக் கீழைத்தேயச் சந்தைகளுக்குக் கப்பலேறியது. நம் முன்னோரின் விளக்குகளில் எரிந்த எண்ணெய் இத்தகைய பாதைகளினூடாக வந்ததே. ஆயின், பாற்றூமில் நிகழ்ந்தது வண்டிக்காரரின் தனித்த சினமன்று. 1902இல் றொத்சைல்ட் ஆலையில் வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர்; ஊர்வலமாகச் சென்றோர்மீது படையினர் சுட்டதிற் பலர் மாண்டனர்.

குழாயை உடைத்த கைகளுக்கும் வேலைநிறுத்தத்தில் இணைந்த கைகளுக்கும் இடையே ஒரு தலைமுறைக்கால இடைவெளியே உண்டு. முன்னவர் பொறியைப் பகையாகக் கண்டனர். பின்னவர் பொறியின் உடைமையாளரை எதிர்கொண்டனர். தாங்கி வண்டியின் வரலாற்றில் டென்ஸ்மோர் சகோதரரின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது, அது தகும். ஆனால், அவ்வண்டியால் வாழ்விழந்தோரையும், அது சுமந்துவந்த எண்ணெயைத் தகரத்தில் அடைத்து, உரிமை கேட்டு உயிரிழந்தோரையும் சேர்த்து எழுதும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.