வீட்டு வரியும் பள்ளிக்கூடமும்

பிற மாநிலங்களில் வாழும் நம்மிற் பலர், குடியிருக்கும் ஊரின் நகராட்சிக்கு வீட்டு வரி செலுத்துகிறோம். வாடகைக்குக் குடியிருப்போர் அதனை வாடகையோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். அவ்வரியைப் பெரிதும் குறைக்கலாமா என்று நம்மிடமே வாக்குக் கேட்டால், நாம் என்ன விடை கூறுவோம்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில மக்கள் 1978-ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு விடை கூற வேண்டியிருந்தது. அங்கே அவ்வரியை நம்பியே பள்ளிக்கூடங்கள் நடந்து வந்தன.

இவ்வழக்கம் பழமையானது. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் ஒவ்வொன்றும், பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் 1647-இலேயே சட்டம் செய்தனர். நாளடைவில், நிலத்துக்கும் வீட்டுக்கும் விதிக்கும் வரியே அந்நாட்டுப் பொதுப் பள்ளிகளுக்கு ஆதாரமாயிற்று. உயர்நிலைப் பள்ளிக்கும் ஊரார் வரியைச் செலவிடலாம் என்று மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றம் 1874-இல் தீர்ப்பளித்தது.

வரி கொடுப்பவர் பள்ளியைக் கண்ணெதிரே காண்பதும், கணக்குக் கேட்பதும் இம்முறையின் சிறப்பு. எனினும், செல்வர் வாழும் ஊரில் சிறிய வரியே பெருந்தொகை தரும். எளியோர் வாழும் ஊரிலோ பெரிய வரியும் போதாது. லாஸ் ஏஞ்சலிஸை அடுத்த பால்ட்வின் பார்க்கில், 100 டாலர் சொத்து மதிப்புக்கு 5.48 டாலர் வரி செலுத்தியும், 1968-69-இல் ஒரு மாணவனுக்குச் செலவிட முடிந்தது சுமார் 577 டாலர். பெவர்லி ஹில்ஸ் மக்கள் 2.38 டாலரே செலுத்தினர். அங்குச் செலவு சுமார் 1,232 டாலர். பிள்ளையின் கல்வி அண்டை வீட்டாரின் செல்வத்தைப் பொறுத்து அமைவது முறையன்று எனச் செரானோ வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம் 1971-இல் கூறிற்று.

இதற்கிடையே வீட்டு விலைகள் விரைந்து ஏறின. வரியும் உடன் ஏறியது. ஓய்வூதியத்தில் வாழ்ந்த முதியோர், சொந்த வீட்டையே இழக்க நேருமோ என அஞ்சினர். அவ்வச்சம் பொய்யன்று. 1978 ஜூன் 6-ஆம் நாள், 13-ஆம் முன்மொழிவுக்கு வாக்காளரில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஆதரவளித்தனர். வரி, மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் அடங்கியது. வீடு கைமாறும் வரை, மதிப்பை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தலாகாது என்றும் விதிக்கப்பட்டது. சொத்து வரி வருவாய் பாதிக்குங் கீழே சரிந்தது.

பள்ளிகள் மூடிவிடாதபடி மாநில அரசு பொருளுதவி செய்தது. ஆனால் பணம் எங்கிருந்து வருகிறதோ, அதிகாரமும் அங்கேயே செல்லும் அல்லவா? ஊர்ப் பள்ளியின் வரவு செலவு தலைநகரில் முடிவாகலாயிற்று. வரிச்சுமை நீங்க வாக்களித்தவர்கள், தம் பள்ளியின்மீது தமக்கிருந்த பிடியையும் அதனோடு நெகிழவிட்டனர்.

நம் நாட்டில், தொடக்கக் கல்விக்கென மத்திய வரிகளின்மீது 2 விழுக்காடு மேல்வரி 2004-இல் விதிக்கப்பட்டது. அதனைச் செலுத்திய நம்மில், அப்பணம் எந்த ஊர்ப் பள்ளிக்குச் சென்றது என அறிந்தவர் அரியர். தொலைவிலிருந்து வரும் பணம் ஏற்றத்தாழ்வைக் குறைக்கக்கூடும். ஊராரின் கவனத்துக்கு அது ஈடாகாது. நாம் குடியேறிய ஊரின் பள்ளியில் நம் பிள்ளை படிக்காதிருக்கலாம். ஆயினும், அதன் கூரை ஒழுகுகிறதா என்று கேட்கும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.