மட்டக்களப்பு தேர்தல் மாவட்டம்: பாராளுமன்ற வாக்களிப்பின் வரலாறு

மட்டக்களப்பு, இலங்கையின் 22 தேர்தல் மாவட்டங்களுள் ஒன்று. கிழக்கு மாகாணத்தில் திருகோணமலைக்கும் திகாமடுல்லவுக்கும் நடுவே அமைந்தது. கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்னும் மூன்று தொகுதிகளைக் கொண்டு, பாராளுமன்றத்துக்கு ஐந்து உறுப்பினர்களை அனுப்புகிறது. மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தமிழர், நான்கில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். மட்டக்களப்பு வாவியின் கடற்பக்கம் எழுவான்கரை. நகரமும் பெரிய ஊர்களும் அங்கேயே உள்ளன. மேற்குப் பக்கம் படுவான்கரை. வயலும் குளமும் காடும் சேர்ந்த நிலம். உன்னிச்சை இந்தப் படுவான்கரையின் உட்பகுதியில் இருக்கிறது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர்தான் நகரத்தாருக்குக் குடிநீராகப் போகிறது. ஆனால் வாக்கைப் பொறுத்தவரை இரு கரைகளும் நெடுங்காலம் சமமாக இருந்ததில்லை.

1947ஆம் ஆண்டின் முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் இங்கே கட்சியைவிட ஆளே பெரிது. மட்டக்களப்புத் தொகுதியை ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னலெப்பையும், பட்டிருப்பை எதிர்மன்னசிங்கமும், கல்குடாவை வ. நல்லையாவும் வென்றனர். நல்லையாவின் பெயர் இன்று அதிகம் பேசப்படாதது வருத்தத்துக்குரியது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்க ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்க சபையில் கொண்டுவந்த பிரேரணையில், 1944இல் தமிழையும் சேர்க்கவைத்த திருத்தம் அவருடையதே.

1956இல் நிலை மாறியது. சிங்களம் மட்டும் என்ற முழக்கம் தெற்கை அள்ளிக்கொண்ட அந்தத் தேர்தலில், தமிழரசுக் கட்சியின் செல்லையா இராசதுரை மட்டக்களப்பை வென்றார். 1977 வரை எந்தப் பொதுத் தேர்தலிலும் அவர் தோற்கவில்லை. 1960 முதல் மட்டக்களப்பு இரு உறுப்பினர் தொகுதியாயிற்று. ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் தெரிவாக இடமிருக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் உள்நோக்கம். பெரும்பாலும் அப்படியே நடந்தது. 1970இல் மட்டும் இராசதுரையும் சுயேச்சையாக நின்ற ராஜன் செல்வநாயகமும் தெரிவாக, முஸ்லிம்கள் ஆசனத்தை இழந்தனர். மற்ற இரு தொகுதிகளின் போக்கு வேறு. 1960 முதல் பட்டிருப்பை வைத்திருந்த தமிழரசுத் தலைவர் சி. மூ. இராசமாணிக்கம் 1970இல் ஐக்கிய தேசியக் கட்சியிடம் தோற்றார். கல்குடாவில் அதே கட்சியின் கே. டபிள்யூ. தேவநாயகம் 1965, 1970, 1977 என மூன்று முறை தொடர்ந்து வென்று, பின்னர் நீதி அமைச்சரானார். தமிழ்த் தேசிய அரசியலும் கொழும்புக் கட்சிகளின் அபிவிருத்தி அரசியலும் இந்த மாவட்டத்தில் எப்போதும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில்தான் குடியிருந்திருக்கின்றன. ‘கிழக்கு மாறிவிட்டது’ என்று ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் எழுதுவோர் இந்தப் பழைய முடிவுகளைப் பார்ப்பதில்லை.

1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி உதயசூரியன் சின்னத்தில் இராசதுரையை நிறுத்தியது. அதே தொகுதியில் கவிஞர் காசி ஆனந்தன், கூட்டணியின் அங்கமான தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் இறங்கினார். இராசதுரை வென்றார், காசி ஆனந்தன் தோற்றார், மற்ற ஆசனம் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போனது. ஒரே அணிக்குள் இருவரை மோதவிட்ட அந்தப் புண் ஆறவில்லை. 1979இல் இராசதுரை அரசாங்கப் பக்கம் சென்று அமைச்சரானார். 1982ஆம் ஆண்டின் சர்வசன வாக்கெடுப்பு பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டியதால், அடுத்த பொதுத் தேர்தலுக்கு மக்கள் 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு தலைமுறை பொதுத் தேர்தல் வாக்குச்சீட்டைக் காணாமலே ஆயுதத்தைக் கண்டது.

1989இல் விகிதாசார முறை நடைமுறைக்கு வந்தது. இந்திய அமைதிப் படை நிலைகொண்டிருந்த அந்தத் தேர்தலில் மட்டக்களப்பில் போட்டியிட்ட, தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர்களுள் ஒருவரான அ. அமிர்தலிங்கம் தோற்று, தேசியப் பட்டியல் வழியாகவே பாராளுமன்றம் சென்றார். அதே ஆண்டு ஜூலையில் கொல்லப்பட்டார். இங்கே தெரிவான சாம் தம்பிமுத்து 1990 மேயில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2000 ஒக்டோபரில் வென்ற நிமலன் சௌந்தரநாயகம் மறு மாதமே கொல்லப்பட்டார். முன்னர் இங்கே தெரிவான ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் நள்ளிரவு ஆராதனையின்போது மட்டக்களப்பு மரியன்னை பேராலயத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கள் தெரிவு செய்தவர்களை இப்படி இழந்த ஒரு மாவட்டத்தின் வாக்கு வீதங்களை, அமைதியான நாட்டின் புள்ளிவிவரம்போல வாசிப்பது அநீதி.

படுவான்கரையின் பெரும்பகுதி போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வாக்களிக்க வேண்டுமானால் சோதனைச்சாவடியைத் தாண்டி அரச பக்கம் வர வேண்டும். 2001 டிசம்பர் 5ஆம் திகதி, வாக்களிப்பு நாளன்று, இராணுவம் அந்த வாசல்களை மூடியது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஆயிரக்கணக்கானோர் திரும்பிப் போயினர். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. அடுத்து 2004இல் எல்லையோரங்களில் கொத்தணி வாக்குச்சாவடிகள் அமைக்கப்பட்டன. விடுதலைப் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா அவ்வியக்கத்திலிருந்து பிரிந்து ஒரு மாதங்கூட ஆகாத வேளை அது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளர் ராஜன் சத்தியமூர்த்தி வாக்களிப்புக்கு மூன்று நாள் முன்னர் கொல்லப்பட்டிருந்தார். கூட்டமைப்பு 161,011 வாக்குகளும் நான்கு ஆசனங்களும் பெற்றது. தெரிவானவர்களில் தொல்லியல் ஆய்வாளர் தங்கேஸ்வரி கதிராமனும் ஒருவர். இந்த வாக்கு எண்ணிக்கையைக் கூட்டமைப்பின் இயல்பான பலமாகக் கொள்ள முடியாது. துப்பாக்கிகள் அருகில் இருந்த தேர்தல் அது.

போர் கிழக்கில் 2007இல் ஓய்ந்த பின் வந்த 2010 தேர்தலில் கூட்டமைப்பின் வாக்கு 66,235ஆகச் சுருங்கியது. அரசாங்கக் கூட்டணியான வெற்றிலைச் சின்னம் 62,009 எடுத்தது. வித்தியாசம் 4,226 வாக்குகள்தான். ஆசனங்களோ மூன்றுக்கு ஒன்று. காரணம் கணக்கில் இருக்கிறது. ஐந்து ஆசனங்களில் ஒன்று, முதலிடம் பெறும் கட்சிக்குப் போனஸாகப் போய்விடும். மிகுதி நான்கும், 5 வீதத்துக்கு மேல் எடுத்த கட்சிகளின் வாக்குத் தொகையை நான்கால் வகுத்துப் பங்கிடப்படும். முழுப் பங்குகள் தீர்ந்ததும் எஞ்சிய ஆசனங்கள், மிகுதி வாக்கு அதிகமுள்ள கட்சிகளுக்குப் போகும். கூட்டமைப்புக்கு முழுப் பங்கில் ஒன்று, மிகுதியில் ஒன்று, போனஸ் ஒன்று. 2015இல் இதே கணக்கு இன்னும் கடுமையாக விழுந்தது: கடைசி ஆசனத்தை ஐக்கிய தேசியக் கட்சி அணி 32,359 வாக்குகளுடன் எடுக்க, 32,232 வாக்குகள் பெற்ற வெற்றிலை ஒன்றுமில்லாமல் நின்றது. 127 வாக்குகள், ஒரு சின்னக் கிராமத்தின் வாக்கு! 2020இல் 67,692 வாக்குகள் எடுத்த தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் படகுச் சின்னத்துக்கும், அதில் பாதியைவிடக் குறைவாக 33,424 எடுத்த பொதுஜன பெரமுனவுக்கும் ஆளுக்கு ஓர் ஆசனமே கிடைத்தது. படகில் வென்ற பிள்ளையான் என்ற சிவநேசதுரை சந்திரகாந்தன் அப்போது விளக்கமறியலில் இருந்தார்.

முஸ்லிம்களின் வாக்குக்கு வேறொரு சிக்கல். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 1981இல் காத்தான்குடியில்தான் தொடங்கப்பட்டது. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பின், தனிக் கட்சி வேண்டும் என்ற எண்ணம் இறுகியது. ஆனால் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என மூன்று ஊர்களும் தத்தமக்கொரு எம்.பி. வேண்டும் என்கின்றன. முறையே அந்த ஊர்களின் ஹிஸ்புல்லாஹ், அலி ஸாஹிர் மௌலானா, அமீர் அலி ஆகியோரின் போட்டி கொள்கைப் போட்டி என்பதைவிட ஊர்ப் போட்டி. விருப்பு வாக்கு அதை இன்னும் கூர்மையாக்குகிறது; கட்சிக்கு ஒன்று, வேட்பாளருக்கு மூன்று என்று புள்ளடியிடும்போது, முஸ்லிம் காங்கிரசின் மரமா ஐக்கிய தேசியக் கட்சியின் யானையா என்பதற்கு முன்பே ஊர் முடிவாகிவிடுகிறது. தமிழர் பக்கமும் இதற்கு விலக்கல்ல. எட்டுப் பேர் கொண்ட பட்டியலில் படுவான்கரையார் எத்தனை பேர் என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது; எழவும் வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் கரை கடப்பது எளிதாகிவிட்டது. அதனால் வேட்பாளர்கள் மேற்கே போகாமல் இருக்க இனிச் சாக்குச் சொல்ல முடியாது.

2024 நவம்பர் 14ஆம் திகதி தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி யாழ்ப்பாணம், வன்னி உட்பட 21 மாவட்டங்களில் முதலிடம் பிடித்தது. மட்டக்களப்பில் மட்டும் முடியவில்லை. தமிழரசுக் கட்சி 96,975 வாக்குகளுடன் மூன்று ஆசனங்களைப் பெற்றது. இராசமாணிக்கத்தின் பேரன் இரா. சாணக்கியன், ஞா. ஸ்ரீநேசன், இ. ஸ்ரீநாத் தெரிவாயினர். தேசிய மக்கள் சக்தி 55,498 வாக்குகளுடன் கந்தசாமி பிரபுவையும், முஸ்லிம் காங்கிரஸ் 40,139 வாக்குகளுடன் ஹிஸ்புல்லாஹ்வையும் அனுப்பின. இதைத் தமிழ்த் தேசியத்தின் கோட்டை என்று கொண்டாடுவது மிகை: தமிழரசின் பங்கு செல்லுபடியான வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். மூன்றாவது ஆசனம் முதலிடத்துக்குரிய போனஸ் தந்தது. கிழக்கு மாகாணத்தின் 16 ஆசனங்களில் அன்று தேசிய மக்கள் சக்தி 7, தமிழரசுக் கட்சி 5, முஸ்லிம் காங்கிரஸ் 2, ஐக்கிய மக்கள் சக்தியும் அகில இலங்கை மக்கள் காங்கிரசும் தலா 1 பெற்றன.