எழுத்துகள் இடம் மாறிய கதை

தட்டச்சுப் பொறியின் வரலாறு பேசப்படும் இடங்களில் தவறாமல் ஒரு கதை சொல்லப்படும். வேகமாகத் தட்டினால் அச்சுக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கின. ஆகவே தட்டுபவரின் வேகத்தைக் குறைக்கவென்றே மில்வாக்கி நகரத்துக் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் எழுத்துகளைக் கலைத்துப் போட்டார் என்பது அது. சுவையான கதை, ஆதாரம்தான் இல்லை. கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2011இல், தந்தி ஊழியர்களின் தேவையே அவ்வரிசையை உருவாக்கியது என்று வாதிட்டனர். எப்படியாயினும், ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்கத் தொடங்கிய பொறியின் வரிசைதான் சிறு மாற்றங்களோடு இன்றும் நம் விரல்களுக்குக் கீழே கிடக்கிறது.

பொறியில் எழுத்தின் இடம் உலோகத்தில் முடிவானது. இடத்தை மாற்றப் பொறியையே வேறாகச் செய்ய வேண்டும். ஆகஸ்ட் டுவொராக் தோற்றது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சியாட்டிலில் கல்வியியல் பேராசிரியராக இருந்த அவர், மைத்துனர் வில்லியம் டீலியோடு சேர்ந்து 1936இல் புதிய வரிசைக்குக் காப்புரிமை பெற்றார். ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும் இடக்கையின் நடுவரிசையில். அதிகம் புழங்கும் மெய்கள் வலக்கையில். 1944இல் நடந்த கடற்படைச் சோதனை அதைப் புகழ்ந்தது. 1956இல் அரசுக்காக ஏர்ல் ஸ்ட்ராங் நடத்திய சோதனையோ, தனி மேன்மை ஏதுமில்லை என்றது. டுவொராக் 1975இல் மறைந்தார். 1984இல் வந்த ஆப்பிள் டூ-சி கணினியில், ஒரு பொத்தானை அழுத்தினால் அவருடைய வரிசைக்கு மாறலாம்.

வேகத்தைப் பற்றிய இந்த வழக்கில் கையின் வலி மறக்கப்பட்டது. அதை நினைவில் வைத்தவர்கள் 1970களின் இங்கிலாந்தில் லிலியன் மால்ட்டும் ஸ்டீபன் ஹாப்டேயும். அவர்களுடைய மால்ட்ரான் பலகையில் விசைகள் கிண்ணம்போல் குழிந்திருந்தன. அதுவரை இடைவெளி விசையோடு சோம்பியிருந்த கட்டைவிரலுக்கு, ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் 'ஈ' எழுத்தே கொடுக்கப்பட்டது.

ஆயினும் எழுத்தின் இருக்கையைத் தட்டுபவரே தீர்மானிக்கும் காலம் பின்னால்தான் வந்தது. விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை, ஓர் எண்ணையே அனுப்புகிறது. எந்த விசைக்கு எந்த எண் என்பதைப் பலகையின் சில்லுக்குள் குடியிருக்கும் ஃபர்ம்வேர் சொல்கிறது. இரண்டாகப் பிளந்த எர்கோடாக்ஸ் போன்ற திறந்த வடிவமைப்புகளும், ஜப்பானியரான ஜுன் வாகோவின் டிஎம்கே, அதிலிருந்து ஜாக் ஹம்பர்ட் வளர்த்தெடுத்த க்யூஎம்கே ஆகிய நிரல்களும் 2010களில் பரவியபோது, அந்த எண் பட்டியலைத் தட்டுபவரே திருத்தி எழுத முடிந்தது. உலோகம் செய்த வேலை சில வரி நிரலுக்கு வந்து சேர்ந்தது.

கோர்ன் என்ற சிறு பலகையில் விசைகள் 42 மட்டுமே. எண்களும் குறிகளும் அடுக்கடுக்காக அவற்றின் பின்னால் ஒளிந்திருக்கும். ஒரே விசையைத் தட்டினால் எழுத்து, அழுத்திப் பிடித்தால் ஷிஃப்ட். தட்டலா பிடித்தலா என்று முடிவுசெய்ய க்யூஎம்கே வழக்கமாகத் தரும் அவகாசம் 200 மில்லி விநாடி. விரலை மெல்ல எடுப்பவருக்கு இது போதாது; எழுத்து வர வேண்டிய இடத்தில் ஷிஃப்ட் விழும். ஆகவே அவரவர் விரலுக்கேற்ப அந்த எண்ணைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கிறார்கள்.

தமிழில் எழுதுபவருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 அமைப்பு, உயிர்களை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் தருகிறது. டுவொராக்கின் எண்ணத்துக்கு ஒருவகை உறவு. ஆனால் அது ரெமிங்டன் வரிசையின் மேல் போர்த்தப்பட்டது. ஃபர்ம்வேரில் டுவொராக் வரிசையை வைத்துக்கொண்டு ககரத்தின் இருக்கையை அழுத்தினால் திரையில் உகரம் விழும். பகரத்தை அழுத்தினால் ககரம். இரண்டு மாற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிடுகின்றன. ஆகவே தமிழுக்கென ஓர் அடுக்கு ஒதுக்கி, அதில் பழைய வரிசையை அப்படியே விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. அடுக்கையும் கணினியின் மொழியையும் ஒரே விசையால் மாற்றும்படி செய்துவிடலாம். கணினி எந்த மொழியில் இருக்கிறது என்பது பலகைக்குத் தெரியாது என்பதால், எப்போதாவது இரண்டும் பிசகும். அப்போது ககரத்தைத் தேடிய விரலுக்கு மறுபடியும் உகரமே கிடைக்கும்.