போலீஸ்காரருக்குத் தொழிற்சங்கம் இல்லை: உரிமைக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சங்கக் கூட்டம் புதிதல்ல. கிளைச் செயலாளர் வந்து பேசினால் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் இருக்கும்: சம்பளமும் சலுகைகளும் எந்த நிலையில் உள்ளன, அரசியலில் எதைக் கவனிக்க வேண்டும், அடுத்து என்ன நிகழ்ச்சி. 1954-ஆம் ஆண்டில் வட்டாரச் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.நாராயணன் அதற்குத் தலைமையேற்ற காலந்தொட்டு நம் பெற்றோர் பழகிய முறை இது.

அதே தோட்டத்துப் பிள்ளை போலீஸ் படையில் சேர்ந்தால் அவருக்கு இத்தகைய கூட்டம் கிடையாது. அவர் சார்பில் பேசத் தொழிற்சங்கச் செயலாளரும் இல்லை. ஆகவே, எந்த விஷயத்துக்கு யாரிடம் போக வேண்டும் என்பதை அவரும் அவர் குடும்பமும்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சங்கம் அமைக்கும் உரிமையைக் கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது பிரிவு குடிமக்களுக்கு வழங்குகிறது. ஆனால், தொழிலாளர் தொடர்பான சட்டங்களின் வழி அந்த உரிமைக்கு வரம்பு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. அதன்படி, 1959-ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு போலீஸ், சிறைத்துறை, ஆயுதப்படை ஆகியவற்றில் பணிபுரிவோர் தொழிற்சங்க உறுப்பினராவதைத் தடுக்கிறது.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 87-ஆவது உடன்பாடு 1948-இல் ஏற்கப்பட்டது. சங்கம் அமைக்கும் சுதந்திரத்தைப் பேசும் அந்த உடன்பாடே, போலீசுக்கும் ராணுவத்துக்கும் அது எவ்வளவு பொருந்தும் என்ற முடிவை அந்தந்த நாட்டிடம் விட்டுவிட்டது.

தயக்கத்தின் பின்னணி

போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தால் ஊரை யார் காப்பது என்ற கேள்வி பழையது. 1918 ஆகஸ்ட் 30-ஆம் தேதி லண்டனில் சுமார் 12,000 போலீஸ்காரர்கள் சம்பளத்துக்காகவும் சங்க உரிமைக்காகவும் வேலைநிறுத்தம் செய்தனர். சம்பளம் உயர்ந்தது. மறு ஆண்டு நடந்த இரண்டாவது வேலைநிறுத்தத்தில் லண்டனிலும் லிவர்பூல் போன்ற நகரங்களிலும் 2,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். அவர்கள் திரும்பச் சேர்க்கப்படவில்லை.

1919-ஆம் ஆண்டு போலீஸ் சட்டம் அங்கு தொழிற்சங்கத்தைத் தடைசெய்து, அதற்குப் பதிலாகப் போலீஸ் கூட்டமைப்பை உருவாக்கியது. உறுப்பினர்களின் சம்பளம், நலன் பற்றி அது பேசலாம். வேலைநிறுத்தத்துக்கு அழைக்க முடியாது. அமெரிக்காவிலோ நிலைமை நேர்மாறு. 1915-இல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய போலீஸ் சகோதரத்துவ அமைப்பு, அதிபர் தேர்தலில் வெளிப்படையாகவே வேட்பாளரை ஆதரிக்கிறது. 2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அது டிரம்ப்பை ஆதரித்தது.

இங்கே யாரிடம் எது?

சம்பளம்: போலீசின் சம்பளம் அரசாங்கம் பொதுச் சேவைக்கு அறிவிக்கும் மாற்றங்களோடு சேர்ந்தே நகர்கிறது. அரசு ஊழியர் சங்கங்களின் காங்கிரசான கியூபெக்ஸ், அந்த மாற்றங்களுக்காக அரசாங்கத்திடம் பேசிவரும் அமைப்பு. போலீஸ்காரர் அதில் இடம்பெற முடியாது. ஆனாலும் அங்கு பேசப்படுவது அவர் வீட்டு வரவுசெலவையும் தொடும். 2024 டிசம்பரில் முதல் கட்டமாகவும் 2026 ஜனவரியில் இரண்டாம் கட்டமாகவும் வந்த சம்பள உயர்வு அண்மைய எடுத்துக்காட்டு.

பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுங்கு நடவடிக்கை: இவை அரசியலமைப்பின் 140-ஆவது பிரிவின்கீழ் அமைந்த போலீஸ் படை ஆணையத்தின் பொறுப்பு. உள்துறை அமைச்சர் அதன் தலைவர். தேசியப் போலீஸ் படைத் தலைவரும் அதில் உறுப்பினர். தனிப்பட்ட மனுவை மேலதிகாரி வழியாக எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

வசிப்பிடம்: துன் முகமட் சைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளை முன்வைத்தது. பொதுமக்கள் அதிகம் நினைவில் வைத்திருப்பது சுயேச்சைக் கண்காணிப்பு ஆணையம் பற்றிய பரிந்துரையைத்தான். போலீஸ்காரர்களின் வீடமைப்பும் வேலைச் சூழலும் மேம்பட வேண்டும் என்பதையும் அதே அறிக்கை பேசியது.

அரசியல்: பணியில் இருப்பவர் கட்சிக்குப் பிரச்சாரம் செய்யக்கூடாது. ஆனால் வாக்குரிமை அவருக்கு உண்டு. வாக்களிப்பு நாளன்று காவல் பணியில் இருக்க வேண்டியவர் என்பதால், 2013 பொதுத்தேர்தல் முதல் போலீஸ்காரர்கள் முன்கூட்டியே வாக்களிக்கின்றனர்.

நிகழ்ச்சிகள்: போலீஸ் குடும்பங்களுக்கான பெர்கெப் சங்கம் குடும்பப் பெண்களை ஒன்றுசேர்க்கிறது. பினாங்கில் 1807-இல் நீதிச் சாசனம் நடப்புக்கு வந்ததை நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் மார்ச் 25-ஆம் தேதி போலீஸ் தினம் கொண்டாடப்படுகிறது. நலன் சார்ந்த அறிவிப்புகள் பல இத்தகைய ஒன்றுகூடல்களில்தான் காதில் விழும். வேலைப்பளுவைக் காரணம் காட்டி ஒதுங்கிவிட வேண்டாம்.

குடும்பம் மறக்கக் கூடாதது

ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவர் இறந்தால், 1980-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டப்படி துணைவருக்கும் தகுதியுள்ள பிள்ளைகளுக்கும் வாரிசு ஓய்வூதியம் உண்டு. பணியின்போது ஏற்பட்ட காயத்தால் மரணம் நேர்ந்தால் சார்ந்தோர் ஓய்வூதியமும், உடல் ஊனமடைந்தால் ஊனமுற்றோர் ஓய்வூதியமும் தனியாக உள்ளன. ஒப்புதல் தருவது பொதுச் சேவைத் துறை. பணம் வழங்கும் பொறுப்பு 2015 நவம்பர் முதல் கேவாப் எனப்படும் ஓய்வூதிய நிதி நிறுவனத்திடம் உள்ளது.

நம் சமூகத்தில் சறுக்கல் நேரும் இடம் இதுதான். கோவிலில் தாலி கட்டி, ஊருக்குச் சோறு போட்டு, பதிவுத் திருமணத்தை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிடுகிறோம். 1982 மார்ச் முதல் நடப்புக்கு வந்த சட்டப்படி முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு இல்லாவிட்டால், இருபது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த மனைவியும் தான் மனைவிதான் என்பதை நிரூபிக்க அலைய நேரிடும்.

எனவே போலீஸ் குடும்பங்கள் ஒரு கோப்பை இன்றே தயார் செய்யலாம். திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், நியமனக் கடிதம், பதவி உறுதிக் கடிதம், அண்மைய சம்பளச் சீட்டு ஆகியவை அதில் இருக்கட்டும். அடையாள அட்டையிலும் சான்றிதழ்களிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். மாறுபட்டிருந்தால் தேசியப் பதிவிலாகாவில் இப்போதே கேளுங்கள். துக்க வீட்டிலிருந்து எழுந்து போய் வரிசையில் நிற்பதைவிட அது எளிது.

தோட்டத் தொழிலாளியின் கோப்பைச் சுமக்கச் சங்கம் இருந்தது. போலீஸ்காரரின் கோப்பை அவர் வீடுதான் பத்திரப்படுத்த வேண்டும்.