கணக்கப்பிள்ளையும் பறையரும்: ஆங்கிலத்தில் வழக்கொழிந்த ஒரு சொல்லும் வழக்கில் நிலைத்த ஒரு சொல்லும்

முன்னுரை

'கோனிக்கோபொலி' என்னும் ஆங்கிலச் சொல்லை இன்று ஆங்கிலம் பயின்றோரிலும் மிகச் சிலரே அறிவர். ஓசையளவில் கிரேக்கச் சொல் போலத் தோன்றினும் 'மோனோபொலி' முதலியவற்றோடு இதற்கு உறவில்லை. தமிழின் 'கணக்கப்பிள்ளை' ஐரோப்பியர் நாவில் திரிந்து பெற்ற வடிவமே இது. என்றி யூல், ஆ. கோ. பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஆப்சன்–ஜாப்சன்' அகராதி இதற்குத் தனிப்பதிவு அளித்துள்ளது. தொகுப்பாளருள் பர்னெல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர். நூல் வெளிவருமுன் 1882இல் மறைந்தார். அருஞ்சொல் திரட்டாகவே இந்நூல் இன்று பெரிதும் படிக்கப்படுகின்றது. எனினும், அதில் காட்டப்பெறும் மேற்கோள்கள் தொண்டைமண்டலத்து ஊர்க்கணக்கின் வரலாற்றுக்கும் சான்றாவன. அவற்றுள் ஒன்று, ஆங்கில இலக்கியம் நன்கறிந்த வேறொரு தமிழ்ச்சொல்லையும் அருகில் வைத்துக் காட்டுகின்றது.

1680ஆம் ஆண்டுப் பதிவு

இச்சொல்லுக்கு அவ்வகராதி தரும் தொன்மையான சான்று, முத்துக்குளித்துறையில் சமயப்பணி ஆற்றிய பிரான்சிசு சேவியரின் 1544ஆம் ஆண்டுக் கடிதமாகும். ஊர்தோறும் மறைக்கல்விக்கு உதவியவர்களை அவர் இப்பெயரால் சுட்டினார். கணக்கெழுதுவோரைக் குறித்த சொல் சமயப் பணியாளருக்கு ஆனது தனியே ஆராயத்தக்கது.

இக்கட்டுரைக்கு முதன்மையானது 1680ஆம் ஆண்டுப் புனித சார்ச்சுக் கோட்டை ஆலோசனைக் குறிப்பு. அப்போது ஆளுநராக இருந்தவர் இசுட்ரேன்சாம் மாசுடர். ஆளுநரும் மன்றத்தாரும் ஆறு வரிசைப் படைவீரர், கும்பினிச் சேவகர், 300 வண்ணார், பெத்த நாயக்கர் ஆகியோர் சூழச் சென்னை நிலத்தின் எல்லையைச் சுற்றி வருகின்றனர். எல்லையைச் சொல்லிச் செல்பவரோ நிலத்துக் கணக்கப்பிள்ளை. குறிப்பு அவரைக் 'கான்கோப்ளி' என எழுதுகின்றது. நிலங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதால் பிறரால் எல்லையை அறிய இயலாது என்றும், ஆகவே ஊர்தோறும் ஒரு கணக்கப்பிள்ளையும் ஒரு பறையரும் இப்பணியில் உள்ளனர் என்றும், அது தந்தை வழியாக மைந்தனுக்குச் செல்வது என்றும் அக்குறிப்பு விளக்குகின்றது.

படையும் கொடியும் உடைய ஆளுநர் தம் நிலம் எதுவென அறிய இவ்விருவரையே சார்ந்து நிற்பது கருதத்தக்கது. ஒருவர் எல்லையை ஓலையில் அறிந்தவர். மற்றவர் காலால் நடந்து அறிந்தவர். ஆங்கிலக் குறிப்பு இருவரையும் ஒரே தொடரில், ஒரே பணிக்குரியோராக வைக்கின்றது. இதனைக்கொண்டு 17ஆம் நூற்றாண்டில் தீண்டாமை இல்லை எனத் துணிதல் தவறாகும். இப்பகுதியில் பறையருள் பலர் மிராசுதாரர் நிலத்தில் கட்டுண்ட பண்ணையாட்களாகவே வாழ்ந்தனர். ஆயினும், எல்லையறிவுக்குரிய ஊர்ப்பணி ஒன்று அவர்பால் இருந்தது என்பதற்கு இக்குறிப்பு நேர்ச்சான்று.

செங்கல்பட்டுச் சீமையில்

திருமுடிவாக்கம், குன்றத்தூர் முதலிய ஊர்கள் அமைந்த செங்கல்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாபு 1763இல் கும்பினிக்குச் சாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமசு பார்னார்டு இச்சீமையின் சுமார் 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதற்கு அடிப்படையான தமிழ் ஓலைச்சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. விளைச்சலில் ஊர்ப்பணியாளர்க்குரிய பங்குகளை அவை தனித்தனியே குறிக்கின்றன. கணக்கப்பிள்ளைக்கும் பங்குண்டு, வெட்டியானுக்கும் பங்குண்டு. 1680இல் கண்ட இணை, நூறாண்டு நெருங்கியும் களத்து நெல்லில் தொடர்ந்திருந்தது.

1802ஆம் ஆண்டின் 29ஆம் ஒழுங்குச் சட்டம் ஊர்க்கணக்கரைக் 'கர்ணம்' என்னும் பெயரால் சட்டத்துக்குள் கொணர்ந்தது. 'கரணம்' தமிழ்க் கல்வெட்டுகளுக்குப் புதியதன்று. சோழர் காலத்திலேயே 'கரணத்தான்' உண்டு. மாகாணம் முழுமைக்கும் ஒரே பெயர் வேண்டியிருந்ததே இத்தேர்வுக்குக் காரணமாதல் கூடும். விளைவு தெளிவானது: பங்கு பெற்ற ஊர்க்கணக்கர் அரசுக்குக் கடமைப்பட்ட அலுவலர் ஆனார், ஆங்கில ஆவணங்களில் 'கோனிக்கோபொலி' படிப்படியாக அருகிற்று.

நிலைத்த சொல்லின் போக்கு

மற்றைய சொல் அருகவில்லை. ஐரோப்பிய இலக்கியத்துள் புகுந்து பெருகிற்று. பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் த சேன்-பியேர் 1791இல் எழுதிய 'இந்தியக் குடிசை' என்னும் கதையில் உலகம் ஒதுக்கிய அறிவாளனாகப் 'பாரியா' தோன்றுகின்றான். 1821இல் கசிமிர் தெலவீஞ் அப்பெயரிலேயே நாடகம் இயற்றினார். செருமானியக் கவிஞர் கேதேயும் அத்தலைப்பில் கவிதைகள் யாத்தார். இப்படைப்புகளின் நோக்கம் பெரும்பாலும் இரக்கமே. ஆனால் அவ்விரக்கத்துக்கு ஊரில்லாத, பணியில்லாத, பங்கில்லாத ஒரு மனிதன் தேவைப்பட்டான். எல்லை அறிந்த ஊர்ப்பணியாளர் அதில் இடம்பெற வழியில்லை. பின்னர் ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்ட எவரையும், எந்த நாட்டையும் குறிக்கும் பொதுச்சொல்லாக அது மாறியது. பறையரைச் சாதியற்றோர் எனக் கருதும் ஐரோப்பியரின் பிழையை 'ஆப்சன்–ஜாப்சன்' சுட்டிக்காட்டியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இவ்வழக்கு ஆட்சியாளர் எழுத்திலும் நின்றது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கை 'செங்கல்பட்டுப் பறையர் பற்றிய குறிப்புகள்' எனத் தலைப்பிடப்பெற்றது. நிலமின்மையை அவர்தம் இழிநிலைக்கு முதற்காரணமாகக் கண்ட அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பிறர் நிலத்து எல்லையை அறிந்து சொன்னோரின் வழியினர், தமக்கென ஓர் எல்லை வேண்டி மனுச்செய்யும் நிலையில் இருந்தனர்.

சொல்லின்மேல் உரிமை கோரிய குரல்களும் இச்சீமையிலிருந்தே எழுந்தன. செங்கல்பட்டுப் பகுதியில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவைச் சுமத்திய சொல்லையே தலைப்பாக்கி அதன் பொருளை மாற்ற முயன்ற செயல் அது. அயோத்திதாசப் பண்டிதர் அப்பெயரையே மறுத்தார். பரங்கிமலையில் பிறந்த எம். சி. இராசா, 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் அரசு ஆவணங்களினின்று அதனை நீக்கி 'ஆதிதிராவிடர்' என வழங்கத் தீர்மானம் கொணர்ந்தார். ஆவணத்தில் அது நிறைவேறிற்று. ஆங்கில அகராதியை எந்தத் தீர்மானமும் எட்டவில்லை.

கர்ணம் பதவியைத் தமிழக அரசு 1980 நவம்பரில் ஒழித்தது. 1982இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. கிராம நிர்வாக அலுவலர் அப்பணியை ஏற்றார். வெட்டியான், தலையாரி ஆகியோரின் பணிகள் பின்னர்க் கிராம உதவியாளர் என்னும் பெயருள் அடங்கின.