தொட்டும் தொடாமலும்: ஒரு செம்புத் தகட்டின் கதை

(பண்ணை வானொலி உரையின் எழுத்து வடிவம்)



மலைவாழைக்கு உரம், காப்பிக்குக் கவாத்து, மிளகுக்கு மருந்து என்று பேசுகிற நான் இன்று ஓர் இயந்திரத்தின் கதையைச் சொல்லப் போகிறேன். 'இவருக்கு எதுக்கு இந்த வேலை' என்று நினைக்காதீர்கள். அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

வடகவுஞ்சியில் ஒரு தோட்டம். காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்கொடி ஏறவும் வைத்த சில்வர் ஓக் மரங்களில் முற்றியவற்றை அனுமதி வாங்கிச் சாய்த்திருந்தார்கள். தடிகளை லாரியில் கீழே இறக்கினால் வாடகையே விலையைத் தின்றுவிடும். ஆகவே, இழுத்துக்கொண்டு போகக்கூடிய அறுவை இயந்திரம் ஒன்றை வாடகைக்கு வரவழைத்தார்கள். தடியைத் தூக்க, புரட்ட, இறுக்கிப் பிடிக்க எல்லாவற்றுக்கும் அதில் ஹைட்ராலிக் கை உண்டு. இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மூடுபனிக் காலையில், தடியைத் தூக்கிய கை பாதியில் நின்றுவிட்டது.

"பம்பு போச்சு சார்" என்றார் தோட்டக்காரர். ஆயில் மாற்றினார்கள். புது பாட்டரிக்குப் பழனிக்கு ஆள் போனது. ஒன்றும் சரிப்படவில்லை. ஆள்கூலியும் வாடகையும் ஏறிக்கொண்டே போயின.

இந்தக் கோளாறு புரிய வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

நம் தாத்தா காலத்தில் மரம் அறுப்பது எப்படி? குழி வெட்டி, அதன்மேல் தடியைக் கிடத்தி, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று வாளை இழுப்பார்கள். கீழே நிற்பவர் கண்ணெல்லாம் மரத்தூள். முடிவில்லாமல் சுற்றும் பட்டை வாளுக்கு 1808-இல் லண்டனில் வில்லியம் நியூபெரி என்பவர் காப்புரிமை பெற்றார். ஆனால் பட்டையின் இரண்டு முனையையும் உறுதியாக ஒட்டவைக்க அப்போது வழியில்லை. 1846-இல் பிரான்சில் கிரெப்பின் என்ற பெண்மணி அதற்கு ஒரு முறை கண்ட பிறகுதான் பட்டை வாள் பட்டறைக்கு வந்தது.

ஹைட்ராலிக் சக்தி அதற்கும் மூத்தது. அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொல்லிவிட்டார். 1795-இல் ஜோசப் பிராமா அதை வைத்து அழுத்து இயந்திரம் செய்தார். 1930-களில் ஹாரி பெர்குசன் அதை டிராக்டரின் பின்னால் கலப்பையைத் தூக்க வைத்தார். 1982-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிசில் தொடங்கிய உட்-மைசர் போன்ற நிறுவனங்கள் பட்டை வாளைச் சக்கரத்தில் ஏற்றி, மரம் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோக வழி செய்தன. பின்னர் ஹைட்ராலிக் கைகளும் அதில் சேர்ந்தன.

இங்கேதான் ஒரு சிக்கல். அறுக்கும் தலை முன்னும் பின்னும் நகர்கிறது. பாட்டரி அந்தத் தலையோடு போகிறது. ஹைட்ராலிக் பம்போ சட்டத்தில் நிலையாக நிற்கிறது. ஓடுவதிலிருந்து நிற்பதற்கு மின்சாரம் எப்படிப் போகும்?

இது புதிய கேள்வி அல்ல. நம் சென்னையில் 1895-ஆம் ஆண்டு மே மாதம் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோதும் இதே கேள்விதான். டிராம் ஓடும், கம்பி நிற்கும். முதலில் தரைக்குள் பதித்த கம்பியிலிருந்தும், பிறகு தலைக்கு மேல் கட்டிய கம்பியிலிருந்தும் மின்சாரத்தைத் தொட்டு எடுத்தார்கள். 1953 வரை அந்த டிராம் ஓடியது. மோட்டாருக்குள்ளும் இதே தொடுப்புத்தான். ஆரம்பத்தில் செம்புக் கம்பித் தூரிகை வைத்தார்கள். அது பொறி கக்கி, சுழலும் பாகத்தைத் தேய்த்தது. 1885-இல் ஜார்ஜ் போர்ப்ஸ் கார்பன் துண்டை வைக்கலாம் என்று காப்புரிமை பெற்றார். மிக்சியில் நாம் மாற்றுகிற 'கார்பன் பிரஷ்' அதன் வாரிசுதான்.

நம் அறுவை இயந்திரத்திலும் அப்படியே. சட்டத்தின் முன்பக்கத்தில் ஒரு செம்புத் தகடு. அறுக்கும் தலை முன்னால் வந்து நிற்கும்போது அதிலுள்ள தொடுமுனை அந்தத் தகட்டைத் தொடும். அப்போதுதான் பம்புக்கு மின்சாரம். தலை நகர்ந்து மரத்தை அறுக்கப் போய்விட்டால் பம்பு தூங்கும்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். இரண்டாம் நாள் மாலையே பம்பு கொஞ்சம் மக்கர் செய்ததாம். இயந்திரம் ஓட்டிய பையன் ஒரு தடித்த ஒயரை எடுத்து, தகட்டை ஒதுக்கிவிட்டு, பாட்டரியிலிருந்து பம்புக்கு நேராக இழுத்தான். பம்பு ஜோராக ஓடியது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சயின்ஸ் படித்தவன். "சரிதாம்ப்பா" என்றேன். அரை மணி நேரத்தில், வாள் தடிக்குள் போய்க்கொண்டிருக்கும்போது யாருடைய கையோ லிவரில் பட்டது. பிடிக்கும் கை மேலே எழுந்து வாளில் மோதியது. பட்டை அறுந்து வீசியது. தடியைத் தள்ளிக்கொண்டிருந்தவருக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. அந்தத் தகடு பம்பைத் தூங்க வைத்ததில் எவ்வளவு பெரிய காவல் இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. ஒயரைக் கழற்றச் சொன்னேன். மறுநாள் காலைதான் கை பாதியில் நின்றது.

சரி, கோளாறு எங்கே? லாரி செல்ஃப் மோட்டார் வேலை பார்த்துப் பழகிய பெரியவர் ஒருவர் வந்தார். லிவரை விட்டதும் தகட்டருகே விரலை வைத்தார். "சுடுது பாருங்க சார். பம்பு சாப்பிட வேண்டியதை இது சாப்பிடுது" என்றார்.

அவர் சொன்னது ஜார்ஜ் ஓம் 1827-இல் எழுதிய கணக்கு. ஜூல் 1841-இல் கண்ட வெப்பம். பாட்டரி 12 வோல்ட். சுமை ஏறும்போது பம்பு மோட்டார் நூறு ஆம்பியர் இழுக்கும். தொடுமுனையில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், ஒரு வோல்ட் அங்கேயே போய்விடும். நூறு வாட் வெப்பம் அங்கேயே கிளம்பும். வீட்டு 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு!

தடை எங்கிருந்து வந்தது? மூடுபனி ஈரம், மரத்தூள், மரச்சாறு. வாழை வெட்டின அரிவாள் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து செய்யும் வேலை அது. நம் பழனி மலையில் வாட்டில் மரத்தை நட்டதே அந்தத் துவர்ப்புள்ள பட்டைக்காகத்தான், தோல் பதனிட. ஈரமும் சாறும் செம்பில் களிம்பு ஏற்றும். தூள் அதன்மேல் படியும். பார்வைக்குத் தொடுகிறது, உண்மையில் தொடவில்லை.

இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சூட்சுமம். பம்பு ஓடாதபோது மீட்டர் வைத்தால் எல்லா இடத்திலும் 12 காட்டும், ஏமாந்துபோவோம். மின்சாரம் ஓடினால்தான் இழப்பு தெரியும். ஆகவே வாளை நிறுத்துங்கள். தடியை இறக்கிவிட்டு, ஆட்களை விலகச் சொல்லுங்கள். ஒருவர் லிவரைப் பிடித்துக் கையை முழு உயரத்துக்கு ஓட்டட்டும். அந்தக் கடைசி நொடியில் சுமை ஏறும். அப்போது மீட்டரின் ஒரு முனையைத் தொடுமுனையிலும், மறுமுனையைத் தகட்டிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அங்கேதான். பாட்டரி முனை, சோலனாய்டு, சட்டத்துக்குப் போகும் எர்த் ஒயர் எல்லாவற்றையும் இதே மாதிரி ஒவ்வொன்றாகப் பாருங்கள். பம்பைக் கழற்றுவது கடைசி வேலை.

சுத்தம் செய்யுமுன் பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மெல்லிய உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். தகடு குழி விழுந்திருந்தால் புதிது போடுங்கள். தினமும் வேலை முடிந்ததும் ஒரு துடைப்பு. அவ்வளவுதான். வடகவுஞ்சியில் பெரியவர் கால் மணி நேரத்தில் முடித்தார். பழைய பாட்டரியே போதுமானதாக இருந்தது.

ஒயரை நேராக இழுப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். பக்கத்தில் நிற்கும் ஆபீசர் "சரி" என்றாலும் கேட்காதீர்கள். அதோடு, மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் வனத்துக்குள் நடக்கும் அறுவை ஆலைகளை நிறுத்தச் சொல்லி 1996-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதையும் மறக்க வேண்டாம். இயந்திரம் வாடகைக்கு எடுக்குமுன் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தகட்டைத் துடைக்கக் கால் மணி நேரம் ஆகும். துடைக்காததற்கு நாங்கள் கொடுத்தது இரண்டு நாள் கூலியும் ஒரு வாளும். அதற்குமேல் எதுவும் போகவில்லை என்பதே எனக்கு ஆறுதல்.